ஜெல்மாயா நடை பழகிய நாள்

எங்கள் தொழிற்சாலையில் கார் செய்வதில்லை. எல்லைக்கு அப்பால் காரைச் செய்து முடித்து, சக்கரங்களைக் கழற்றிப் பின் இருக்கையில் வைத்து, ரயிலில் அனுப்புவார்கள். நாங்கள் சக்கரங்களை மாட்டுவோம். முகப்பில் ஜெல்மாயா என்ற பெயர்ப் பட்டையை ஒட்டுவோம். ஜெல்மாயா என்பது எங்கள் பழங்கதைகளில் காற்றை முந்தி ஓடும் ஒட்டகம். பட்டை ஒட்டியதும் அது கஜகஸ்தானின் சொந்தக் கார் ஆகிவிடும்.

சொந்தத் தன்மை போதாது என்று ஒருமுறை அமைச்சகம் கடிந்துகொண்டது. அடுத்த ரயிலிலிருந்து இருக்கைகளும் கழன்று வந்தன. மறுபடி கடிந்துகொண்டது. கதவுகளும் கழன்று வந்தன. அங்கே கார் செய்கிறவர்களை விட, செய்த காரைக் கழற்றுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று கேள்வி. அந்தக் கழற்றுக்கூலியும் எங்கள் காரின் விலையில் சேர்ந்தது. அதனால் அதை யாரும் வாங்கவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும், இயக்குநர் உட்பட, வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த பழைய ஜப்பான் வண்டிதான் ஓட்டுகிறார்கள்.

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்தவன். இடது முன் சக்கரம் என் பொறுப்பு.

யாரும் வாங்காததால் அரசாங்கம் ஒருமுறை எங்களைக் காப்பாற்றியது. மருத்துவமனைகளின் ஆம்புலன்ஸ் இனி ஜெல்மாயாதான் என்று உத்தரவு போட்டது. எங்கள் ஊர் மருத்துவமனைக்கு ஒன்று கிடைத்தது. அதன் இடது முன் சக்கரத்தையும் நான்தான் மாட்டினேன். சக்கரம் நன்றாகவே இருந்தது.

போன குளிர்காலத்தில் என் மனைவி கமாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. சில நாட்களில் ரத்தப்போக்கு தொடங்கியது, நிற்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வெளியே குளிர் மைனஸ் முப்பத்தெட்டு. ஜெல்மாயா கிளம்பவில்லை. டிரைவரும் இரண்டு நர்சுகளும் அதை மருத்துவமனை வாசலில் தள்ளிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியைச் சூடாக்கி எடுத்துவந்தபோது அதற்குத் தேவை இருக்கவில்லை. ஒரு விசாரணைக் குழு வந்தது. குற்றம் குளிருடையது என்று கண்டுபிடித்தது.

இதைச் சொல்லிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் ரயில் வருவது நின்றுபோனது. எல்லைக்கு அப்பால் உள்ளவர்களுக்கு நாங்கள் பணம் பாக்கி வைத்திருந்தோம். சக்கரம் மாட்டக் கார் இல்லை. நாங்கள் காலையில் வந்து, கையுறைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மாலையில் கழற்றிவிட்டுப் போனோம். அரசாங்கம் மறுபடி எங்களைக் காப்பாற்றுமா, கைவிடுமா என்று ஊரே பேசியது. டிவியில் ஒருவர் காப்பாற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் கூடாது என்றார். இருவரும் இரண்டு வெளிநாட்டுக் கார்களில் ஏறிப் போனார்கள்.

கமாரின் அண்ணன் போலாத் கிராமத்திலிருந்து வந்தார். குதிரை வளர்ப்பவர். என் வீட்டுக்குள் குனிந்து நுழைவார், அவ்வளவு உயரம். என் மகள் தொக்ஜானைத் தூக்கி மீசையால் உரசிவிட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, சுத்தி வளைக்காம கேக்கறேன். பட்டறை மூடுதா, இல்லையா?"

"தெரியல மச்சான்."

"படிச்சவன் நீ. உனக்கே தெரியலைன்னா எப்படி?"

"படிச்சதுல இது வரல."

"மூடினா இந்த வீடும் போயிடும்ல? பட்டறைக்காரன் குடுத்த வீடுதானே."

"போயிடும்."

"அப்பறம் பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க நிப்ப? ஸ்டேஷன்லயா?" குரல் இறங்கியது. "கோவிச்சுக்காத. தலைநகர்லேர்ந்து ஆளுங்க வராங்களாமே, அன்னைக்கு நானும் வரேன். மூடறதுன்னு சொன்னாங்கன்னா, தொக்ஜானைக் கையோட கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்ல தொட்டில் கூட ரெடி பண்ணிட்டா. மூடலைன்னா உன் பிள்ளை உன்கிட்ட. நான் வாயத் திறக்க மாட்டேன்."

சரி என்றேன். தொக்ஜானைத் தவிர எனக்கு யாரும் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியும். அவருக்கும் ஒரே தங்கைதான் இருந்தாள்.

மறுவாரம் இயக்குநர் எங்களைக் கேன்டீனுக்கு அழைத்தார். அவர் பெயர் தோலெகென். எங்கள் வழக்கத்தில் மரியாதை ஏற ஏறப் பெயர் குறுகும். ஆகவே தோலெக்கே. சக்கரம் மாட்டுவதைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் வருகிறவர்களை வரவேற்பதில் அவருக்கு நிகர் இர்த்திஷ் நதியின் இரு கரையிலும் இல்லை.

"நம்மளக் காப்பாத்தலாமா வேணாமான்னு பாக்க ரெண்டு குழு வருது," என்றார். "முதல் குழு, நாம உண்மையிலேயே சாகறமான்னு பாக்கும். நல்லா இருக்கற கம்பெனிக்கு உதவி எதுக்கு? நியாயந்தானே. ரெண்டாவது குழு, நாம நல்லா இருக்கமான்னு பாக்கும். சாகற கம்பெனிக்குக் குடுத்தா வீணாப் போயிடும்ல? அதுவும் நியாயந்தான்."

"ரெண்டும் ஒரே நாள்லயா?" என்று கேட்டாள் ஸீனாக்கா. ஸினாய்தா பாவ்லோவ்னா. தரச் சோதனைப் பிரிவு. ஐம்பது வயது, ரஷ்யக்காரி. சோதிக்க எதுவும் வராததால் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே நாள்தான். பயணச் செலவு மிச்சம். அதனால கேட்டுக்கோங்க. கிழக்குக் கூடத்துல நாம சாகறோம். மேற்குக் கூடத்துல நாம அமோகமா இருக்கோம். யாரும் கூடம் மாறி முகத்தை வச்சுக்கக் கூடாது."

"நடுவுல இந்தக் கேன்டீன் இருக்கே. இங்க எப்படி இருக்கறது?"

"இங்க சாப்பிடறது."

கிழக்குக் கூடம் எளிது. ஹீட்டரை நிறுத்தினால் போதும். மேற்குக் கூடத்துக்கு ஒரு கார் வேண்டும். புத்தம் புதிதாக வரிசையிலிருந்து இறங்கி, அந்தப் பெரிய மனிதர்கள் முன்னால் ஓட வேண்டும். தொழிற்சாலையில் இருந்தது ஒரே ஒரு ஜெல்மாயா. வாசலில், சிமென்ட் மேடை மேல், முதல் கார் என்ற பெருமையோடு பனி மூடி நின்றது.

"அதுல இன்ஜின் இல்லையே தோலெக்கே," என்றேன்.

"மேடையில நிக்கறதுக்கு இன்ஜின் எதுக்குன்னு அன்னைக்கே எடுத்துட்டோம். சிக்கனம்."

"பிரேக்?"

"நிக்கற காருக்கா?"

தோலெக்கே மட்டும் கலங்கவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தார்.

"நம்ம வழக்கம் எதுக்கு இருக்கு? பிள்ளை முதல் அடி எடுத்து வைக்கறப்ப என்ன செய்யறோம்? கறுப்பு வெள்ளை நூல் முறுக்கிக் காலைக் கட்டறோம். நல்ல மனுஷனா ஒருத்தரைப் பாத்து அறுக்கச் சொல்றோம். அறுத்ததும் பிள்ளை தானாவா நடக்குது? இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் கையைப் பிடிச்சு நடத்தறோம். ஏன்டா பிடிச்சேன்னு இன்னைவரைக்கும் யாராவது கேட்டிருக்காங்களா? காரோட முன் சக்கரத்துல கயிறு கட்டுவோம். துணை அமைச்சர் அறுப்பார். நாம இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர் பிடிச்சு நடத்துவோம். பண்பாடு!"

யாரோ கைதட்டினார்கள். ஸீனாக்கா விதைத் தோலை உள்ளங்கையில் துப்பினாள்.

"அறுக்கறவர் குணம்தானே பிள்ளைக்கு வரும்னு சொல்வீங்க? துணை அமைச்சர் அறுத்தா கார் எங்க போகும்?"

"எங்க போகும்?"

"கூட்டத்துக்கு."

தோலெக்கே அதைக் கேளாதவர் போல என் பக்கம் திரும்பினார். "எர்மெக், நீ ரெண்டு கூடத்துலயும் இருக்கணும். குழந்தையையும் தூக்கிட்டு வா. கிழக்குல அவ தாயில்லாப் பிள்ளை. மேற்குல நாட்டோட எதிர்காலம்."

"ரெண்டுக்கும் ஒரே உடுப்பா?"

சற்று யோசித்தார். "மேற்குல குஞ்சம் வச்ச தொப்பி போட்டுடு."

குறிப்பிட்ட நாளில் இரண்டு பேருந்துகளை எதிர்பார்த்து வாசலில் நின்றோம். ஒன்றுதான் வந்தது. இரண்டு குழுக்களுக்கும் ஒரே தலைவர், துணை அமைச்சர் மேதெத்; மரியாதையில் குறுகி மேக்கே. உறுப்பினர்களும் ஒரே ஆட்கள்தான். அமைச்சகத்தில் ஆள் பற்றாக்குறை என்று உதவியாளர் விளக்கினார். அவர் கையில் ஒரு நரித்தோல் தொப்பி இருந்தது. தொப்பி இல்லாதபோது மேக்கே முதல் குழுவின் தலைவர், தொப்பி அணிந்தால் இரண்டாவது குழுவின் தலைவர் என்றும், தயவுசெய்து குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

மேக்கே வெறுந்தலையோடு கிழக்குக் கூடத்துக்குள் வந்தார். நாங்கள் காலிப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து செத்துக்கொண்டிருந்தோம். மூச்சு புகையாக வந்தது. போலாத் சொன்னபடி வந்து, ஆட்டுத்தோல் கோட்டோடு சுவர் ஓரம் நின்றிருந்தார். மேக்கே நேராக அவரிடம் போனார்.

"எவ்வளவு காலமா வேலை இல்லாம இருக்கீங்க?"

"எனக்கு வேலை இருக்கே. குதிரை வளக்கறேன்."

மேக்கே குழுவின் பக்கம் திரும்பினார். குரல் தழுதழுத்தது. "பாத்தீங்களா? கார் செஞ்ச கை. குதிரைக்குத் திரும்பிப் போயிடுச்சு."

"நான் கார் செஞ்சதே இல்லைங்க."

"நம்பிக்கையையே இழந்துட்டார்," என்றார் மேக்கே. உறுப்பினர்கள் தலையசைத்தார்கள். போலாத் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தோலெக்கே என் முதுகில் விரலால் குத்தினார். நான் குழந்தையோடு எழுந்தேன்.

"இவர் நம்ம எர்மெக், மேக்கே. சின்ன வயசு. மனைவி தவறிட்டாங்க. கைக்குழந்தை."

"அடடா. எப்படி?"

எனக்குச் சொல்லித்தந்திருந்த பதில், நோய்வாய்ப்பட்டு, என்பது. கூடம் குளிராக இருந்தது. தொக்ஜான் என் கழுத்தில் முகத்தை வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"ஆம்புலன்ஸ் கிளம்பல."

"எந்த ஆம்புலன்ஸ்?"

"ஜெல்மாயா."

கூரையிலிருந்து கொஞ்சம் பனி விழுந்தது. தோலெக்கேயின் முகம் அந்தப் பனியின் நிறத்துக்கு வந்தது.

"குளிர், மேக்கே," என்றார் அவசரமாக. "குளிரோட தப்புன்னு ஒரு குழுவே முடிவு பண்ணியாச்சு."

மேக்கே கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என் அருகே வந்தார். அவர் கண்களில் உண்மையான நீர் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

"உங்க ஊர் மருத்துவமனையில எத்தனை ஜெல்மாயா இருந்துச்சு தம்பி?"

"ஒண்ணு."

"ஒண்ணு," என்றார். மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? ஒண்ணே ஒண்ணு. ஒரு வண்டி கிளம்பலைன்னா அது வண்டியோட குறை இல்ல. எண்ணிக்கையோட குறை. நாலு வண்டி நின்னிருந்தா? ஏதாவது ஒண்ணு கிளம்பியிருக்குமா, இல்லையா? அரசாங்கம் தப்பு பண்ணிடுச்சு. நான் வெக்கப்படாம ஒத்துக்கறேன். நாம கம்மியா வாங்கிட்டோம்!"

உறுப்பினர்களில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள்.

"இவ்வளவு நாள் தலைநகர்ல என்ன வாதம்? இந்தத் தொழிற்சாலையைக் காப்பாத்தினா நாட்டுக்கு என்ன லாபம்னு. கேக்கறவனை இங்க கூட்டிட்டு வாங்க. இந்தக் குழந்தை முகத்தைப் பாத்து வாங்க வேணாம்னு சொல்லச் சொல்லுங்க." என் தோளில் கை வைத்தார். கை கனமாகவும் சூடாகவும் இருந்தது. "உங்க மனைவி போனது வீணாகலை தம்பி. அவங்கதான் எனக்கு வழி காட்டினாங்க."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாட்கள் கழித்து என்ன சொல்லியிருக்கலாம் என்று தெரிந்தது. அப்போது தொக்ஜான் அவருடைய கோட்டில் இருந்த கொடிச் சின்னத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களைப் பிரிப்பதில் முனைந்திருந்தேன்.

பிறகு கேன்டீன். குதிரை இறைச்சி, பவுர்சாக் என்ற பொரித்த மாவு உருண்டை, பால் தேநீர். மேக்கே தட்டை ஒதுக்கினார். சற்றுமுன் கேட்டதற்குப் பிறகு, முதல் குழுவின் தலைவருக்குத் தொண்டையில் இறங்காது என்றார். உதவியாளர் தொப்பியை நீட்டினார். அணிந்துகொண்டு சாப்பிட்டார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

போலாத் பவுர்சாக்கைத் தொக்ஜானுக்குப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டே தணிந்த குரலில் கேட்டார்.

"மாப்ள, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. கமார் செத்ததால இன்னும் நிறைய வாங்கப் போறாங்களா?"

"அப்படித்தான் தெரியுது."

"அதே வண்டியவா?"

"அதேதான்."

"நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா வாங்க மாட்டாங்க. வாங்கலைன்னா பட்டறைய மூடிடுவாங்க. மூடினா நீங்க இவளைக் கூட்டிட்டுப் போயிடுவீங்க."

அவர் கை நின்றது. தொக்ஜான் வாயைத் திறந்தபடி அடுத்த துண்டுக்குக் காத்திருந்தாள்.

"எங்க ஊருக்கு இந்த வண்டி எதுவும் வரலை," என்றார். "ரோடு இல்லைன்னு விட்டுட்டாங்க. யாருக்காவது முடியலைன்னா பனியில வழுக்கற ஸ்லெட்ஜ் வண்டியில போட்டு, குதிரையைத் தட்டி, ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடறோம். போன மாசம் என் பெரியவனை அப்படித்தான் கொண்டுபோனேன். பொழைச்சுட்டான்." ஏதோ குற்றம் செய்தவர் போலச் சொன்னார்.

மேற்குக் கூடத்தில் நான்கு ஹீட்டர்கள் ஓடின. இரண்டு தந்தி டோம்ப்ரா வாசிக்க ஒருவர், டிவி கேமராவோடு இருவர். முதல் ஜெல்மாயா கழுவி மெருகேறி நின்றது. முன் சக்கரங்களைச் சுற்றிக் கறுப்பு வெள்ளைக் கயிறு. நான் இடது முன் சக்கரத்தின் அருகே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குஞ்சம் வைத்த தொப்பியோடு நின்றேன். மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, வாயை அதற்கேற்ப வைத்துக்கொண்டேன். பக்கத்தில் பக்கக் கண்ணாடியைப் பிடித்தபடி ஸீனாக்கா.

"சிரிக்காத தம்பி," என்றாள். "பாக்கப் பயமா இருக்கு."

மேக்கேயின் தோளில் தங்க ஜரிகை போட்ட அங்கியைப் போர்த்தினார்கள். அவர் கத்தரிக்கோலோடு பேசினார்.

"அரசாங்கம்னா என்ன? தகப்பன். தகப்பன் பிள்ளையைக் கைவிடுவானா? சில பொருளாதார அறிஞர்கள் கேக்கறாங்க, இந்தப் பிள்ளைக்கு இருபது வயசாகுதே, இன்னும் நடக்கலையேன்னு. நான் சொல்றேன், அன்புக்கு வயசு இல்ல. இன்னும் இருபது வருஷம் தூக்கி வச்சுக்க நாங்க தயார். பிள்ளை நடந்துட்டா அப்பறம் எங்களுக்கு என்ன வேலை?"

கயிற்றை அறுத்தார். நாங்கள் மிட்டாய்களை இறைத்தோம். ஆசி வேண்டி உள்ளங்கைகளை விரித்து முகத்தைத் தடவிக்கொண்டோம். பிறகு பதினாறு பேரும் கதவுப் பிடிகளையும் கண்ணாடிகளையும் பற்றிக்கொண்டு ஜெல்மாயாவை நடத்தினோம். அது நடந்தது.

மேக்கே காதைச் சாய்த்தார். "சத்தமே இல்லையே! மின்சாரமா?"

"அதை விடச் சிக்கனம், மேக்கே," என்றார் தோலெக்கே.

"எதுல ஓடுது?"

"நாலு பவுர்சாக், ஒரு டீ," என்றாள் ஸீனாக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

கூடத்தின் தரை வாசல் பக்கம் சரிவு. கழுவிய தண்ணீர் வடிவதற்காக அப்படிக் கட்டியது. பாதி தூரத்தில் கார் எங்களை இழுக்கத் தொடங்கியது. யாரோ விழுந்தார்கள். ஒவ்வொருவராகக் கையை விட்டோம். கண்ணாடி ஒன்று ஸீனாக்காவின் கையிலேயே தங்கிவிட்டது. ஜெல்மாயா தனியாக, மௌனமாக, டிரைவர் இல்லாமல், திறந்திருந்த பெரிய கதவு வழியாக முற்றத்துக்கு ஓடி, பனிக் குவியலுக்குள் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு நின்றது.

தோலெக்கே கண்களை மூடிக்கொண்டார்.

மேக்கே மட்டும் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினோம்.

"கைய விட்டதும் தானா ஓடுச்சு! பாத்தீங்களா? இருபத்திரண்டு வருஷமா கயிறு அறுக்கறேன், ரிப்பன் வெட்டறேன். நான் வெட்டினது எதுவும் இவ்வளவு தூரம் போனதில்ல!"

அந்த மகிழ்ச்சியில் கத்தரிக்கோலோடு திரும்பினார். கேமராவும் கூடவே திரும்பியது. தொக்ஜானைப் பார்த்தார்.

"இந்தக் குட்டிக்கு நடை பழக்கியாச்சா? இல்லைன்னா இப்பவே அறுத்துடலாமே! காரும் குழந்தையும் ஒரே நாள்ல. என்ன அழகு!"

தோலெக்கே என்னைப் பார்த்துத் தலையை வேகமாக ஆட்டினார். கயிறு இன்னும் மிச்சம் இருந்தது. யாரோ அதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தொக்ஜான் அதுவரை ஓர் அடி கூட நடந்ததில்லை. அவளுக்கு யாரைக் கொண்டு அறுப்பது என்று கமார் கர்ப்பமாக இருந்தபோதே பேசியிருக்கிறோம். அதில் முடிவு எட்டவில்லை.

"அறுத்தாச்சு," என்றேன்.

"எப்ப?"

"இலையுதிர் காலத்துல."

"ஓடறாங்க," என்றாள் ஸீனாக்கா, கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு. "பிடிக்கவே முடியல."

தொக்ஜான் என் இடுப்பில் அசையாமல் உட்கார்ந்து மேக்கேயைப் பார்த்தாள். போலாத்துக்கு உண்மை தெரியும். தாய்மாமன் இல்லாமல் அந்தச் சடங்கு எப்படி நடக்கும்? அவர் மீசையைத் தடவிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்.

முடிவு முற்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. மேக்கே தொப்பியைக் கழற்றினார். இந்தத் தொழிற்சாலை மரணப் படுக்கையில் இருக்கிறது என்பதை முதல் குழு ஐயமறக் கண்டது என்றார். தொப்பியை அணிந்தார். இந்தத் தொழிற்சாலை இதற்கு முன் இவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததில்லை என்பதை இரண்டாவது குழு பெருமையோடு உறுதி செய்கிறது என்றார். இரண்டு குழுக்களுக்கும் இடையே சிறு கருத்து வேறுபாடும் இல்லை. தொழிற்சாலை மூடப்படாது. அரசாங்கம் ஜெல்மாயாக்களை வாங்கும். நகரத்து மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் ஆம்புலன்ஸ் நான்கு. தீயணைப்புக்கும் சில. சக்கரங்களை மாட்டும் வேலை அடுத்த வாரமே தொடங்கும்.

ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பெயின்ட் பிரிவில் இருந்த ஒருவர் பனியில் மண்டியிட்டு அழுதார். அவருக்கு நான்கு பிள்ளைகள். ஸீனாக்காவும் அழுதாள். "கேவலம்," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எவ்வளவு கேவலம். அடுத்த மாசம் ஹீட்டர் பில்லு கட்டிடுவேன்."

மேக்கே பேருந்தில் ஏறும் முன் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க மனைவி பேர் என்ன சொன்னீங்க?"

நான் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னேன்.

"கமார். நிலா! எவ்வளவு நல்ல பேர். இந்த ஆம்புலன்ஸ் திட்டத்துக்கு அந்தப் பேரையே வைக்கறோம். வண்டிக்கு வண்டி முகப்புல பெருசா எழுதுவோம். ஊருக்கு ஊர் அவங்க பேர் ஓடும்."

"ஓடுமா?" என்றேன்.

"நிக்கறப்பவும் தெரியும்," என்றார் அன்போடு. கதவு மூடியது.

தோலெக்கே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பேர்ப் பட்டைய நீயேதான் ஒட்டணும், எர்மெக். சக்கரத்தை வேற யாராவது பாத்துக்கட்டும். உனக்கு இது கௌரவம். ரெண்டு ரூம் வீடு ஒண்ணு காலியா இருக்கு, அதையும் உனக்கே சொல்றேன். குழந்தை வளருதுல்ல?"

நான் வீட்டுக்குப் போனேன். அது வாசலுக்கு எதிரே உள்ள கட்டடம்தான். தொக்ஜானின் கம்பளி உடுப்புகள், பால் புட்டி, அது இல்லாமல் அவள் தூங்காத துணி முயல். எல்லாம் ஒரு பைக்குள் அடங்கியது.

போலாத் வேலி ஓரம் ஸ்லெட்ஜில் குதிரையைப் பூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"மூடலையாம்ல? நல்லது மாப்ள. அந்த ஆள் பேசினது எனக்கு ஒரு மண்ணும் புரியல. ஆனா நான் சொன்ன சொல் சொல்தான். பிள்ளை உன்கிட்டயே இருக்கட்டும். கோடை வந்ததும் ஒரு மாசம் அனுப்பு, குதிரைப் பால் குடிச்சுட்டு வரட்டும். என் பொண்டாட்டிகிட்ட நான் சமாளிச்சுக்கறேன்."

என்னைக் கட்டிப்பிடித்தார். நடுவில் தொக்ஜான் நசுங்கி முனகினாள். அவள் வாயில் இன்னும் இறைத்த மிட்டாய் ஒன்று இருந்தது. விரலை விட்டு எடுத்தேன். போர்வையை இழுத்து அவள் காதுகளை மூடினேன். பிறகு அவளை அவர் கையில் வைத்தேன். பையை ஸ்லெட்ஜில் வைத்தேன்.

"என்ன இது?" அவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "அதான் மூடலையே?"

"மூடல," என்றேன். "அதனாலதான்."

எங்கள் பின்னால், முற்றத்தில், ஆட்கள் பனிக் குவியலிலிருந்து ஜெல்மாயாவை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே குரலில் எண்ணி எண்ணி இழுத்தார்கள். அவர் அதைப் பார்த்தார். பிறகு ஆட்டுத்தோல் கோட்டின் பொத்தான்களைத் திறந்து, தொக்ஜானை மார்போடு உள்ளே வைத்து, திரும்பப் போட்டார். அவள் உச்சந்தலை மட்டும் வெளியே தெரிந்தது.

லகானை அசைத்தார். குதிரை உடனே கிளம்பியது.